ஏணியும் பாம்பும் அவதாரச் சீட்டும்: திருவரங்கத்துச் சமய விளையாட்டுகளின் வரலாறு

மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசி இரவில் திருவரங்கத்து வீடுகளிலும் அதைச் சூழ்ந்த திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலும் ஆடப்பட்டுவந்த பரமபத சோபான ஆட்டம், எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் வேதாந்த விசாரம் அறிந்த பெரியவரும் ஒரே படத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆடக்கூடிய சமய விளையாட்டுகளுள் தமிழகத்தில் மிகப் பரவலானதாகும். பரமபதம் என்பது வைணவர் வழக்கில் திருமாலின் உறைவிடமான வைகுண்டத்தையும், சோபானம் என்பது படிக்கட்டையும் குறிக்கும். கட்டங்கள் நிறைந்த ஒரு படத்தின் கீழ்வரிசையில் காயை இறக்கி, தாயக்கட்டை உருட்டி விழும் எண்ணுக்கேற்ப நகர்த்தி, ஏணி கிடைத்தால் ஏறியும் பாம்பு கொத்தினால் இறங்கியும் மேலே வைகுண்டத்தைச் சேர்வதே ஆட்டம். இன்று மழலையர் வகுப்புகளுக்கென விற்கப்படும் தெய்வப் பட அட்டைகளுக்கும் சோடி சேர்க்கும் ஆட்டங்களுக்கும் இப்பகுதியில் முன்னோடி எது என்று தேடுபவர் முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் இந்தப் படம்தான்.

இந்த ஆட்டம் ஏகாதசியோடு பிணைந்ததற்கு நடைமுறைக் காரணம் எளிது. ஏகாதசியன்று உபவாசம் இருந்து, இரவு முழுதும் கண்விழித்து, மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்த உணவோடு பாரணை செய்வது, அதாவது விரதத்தை முடிப்பது, வழக்கம். பெரியவர்களுக்குப் பாராயணமும் கோயில் சேவையும் இருக்க, தூக்கம் கண்ணைச் சுழற்றும் குழந்தைகளை உட்கார வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. குழந்தைகளுக்குப் பக்தியைப் போதிக்கவே முன்னோர் திட்டமிட்டு வகுத்த பாடமுறை இது என்று பிற்காலத்தார் எழுதுவது அழகாக இருந்தாலும், கண்விழிக்க ஒரு துணை என்ற எளிய காரணமே வழக்கத்தை நிலைநிறுத்தியது என்று கொள்வது பொருத்தம்; போதனை அதன் உடன்வந்த பயன்.

ஆனால் திருவரங்கத்தில் இப்படத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பின்னணி உண்டு. இருபத்தொரு நாள் நடைபெறும் அத்யயன உற்சவம், அதாவது ஆழ்வார்களின் பாசுரங்களை அரையர்கள் இசையோடும் அபிநயத்தோடும் விண்ணப்பிக்கும் பெருவிழா, பகல்பத்து, இராப்பத்து என இரு பகுதிகளாக அமைந்தது. பகல்பத்தின் நிறைவில் நாச்சியார் திருக்கோலத்தில் காட்சிதரும் உற்சவர் நம்பெருமாள், மறுநாள் ஏகாதசி விடியலில் ரத்தின அங்கி அணிந்து புறப்பட்டு, விரஜா நதி மண்டபத்தில் நின்று வேத விண்ணப்பம் கேட்டு, பரமபத வாசலைக் கடந்து, ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள திருமாமணி மண்டபத்தைச் சேருகிறார். இந்தப் பெயர்களெல்லாம் வைகுண்டம் செல்லும் வழியின் பெயர்கள். விரஜை என்பது இவ்வுலகுக்கும் வைகுண்டத்துக்கும் இடையே ஓடுவதாகச் சொல்லப்படும் ஆறு. திருமாமணி மண்டபம் என்பது முக்தி பெற்ற உயிர் இறைவனைக் காணும் மண்டபம். இராப்பத்தின் பத்தாம் நாளில் நம்மாழ்வார் மோட்சம் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. கோயிலின் பிராகாரங்களே ஒரு பரமபதப் படமாக விரிய, விழாவே அதன் மேல் நடக்கும் ஆட்டமாகிறது; வீட்டுத் தரையில் விரித்த படமோ குழந்தையின் கைக்கெட்டும் அளவுக்குச் சுருங்கிய கோயில்.

இதே வழியை நூல்வடிவில் எழுதியவர்களும் இவ்வூரோடு தொடர்புடையவர்களே. பிள்ளை லோகாசாரியரின் பதினெட்டு ரகசிய நூல்களுள் ஒன்றான அர்ச்சிராதி, உடலை விட்ட உயிர் ஒளி, பகல், வளர்பிறை, உத்தராயணம், காற்று, கதிரவன், திங்கள், மின்னல் ஆகியவற்றின் தேவதைகள் வழிகாட்ட விரஜையைக் கடந்து சேரும் பாதையை விவரிப்பது. 1268 முதல் 1369 வரை வாழ்ந்ததாக மரபு கூறும் வேதாந்த தேசிகர், ஆட்டத்தின் பெயரையே கொண்ட பரமபத சோபானம் என்ற மணிப்பிரவாள நூலில், அதாவது தமிழும் வடமொழியும் கலந்த நடையில், விவேகம், நிர்வேதம், விரக்தி, பீதி, உபாயம், உத்கிரமணம், அர்ச்சிராதி, திவ்யதேசப் பிராப்தி, பிராப்தி என ஒன்பது படிகளை வகுத்தார். பகுத்தறிதலில் தொடங்கி, மனம் நொந்து, பற்று விட்டு, பிறவிக்கு அஞ்சி, வழியைக் கைக்கொண்டு, உடல் நீங்கி, ஒளிவழி ஏகி, திவ்வியதேசம் சேர்ந்து, இறைவனை அடைவது அந்த வரிசை. இரு ஆசாரியர்களும் 1323-இல் திருவரங்கம் சூறையாடப்பட்ட காலத்தைக் கண்டவர்கள். லோகாசாரியர் நம்பெருமாளைச் சுமந்து தெற்கே சென்ற குழுவோடு போய், திரும்பி வராமலே மறைந்தார்.

நூலுக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. தேசிகரின் ஒன்பது படிகளில் பாம்பு இல்லை. படி ஏறியவன் அடுத்த படிக்குச் செல்கிறான்; ஏறியவனை இழுத்துத் தள்ளும் ஏற்பாடு எதுவும் அந்த வரிசையில் கிடையாது. ஆட்டமோ பாம்பின்றி நடக்காது. தீவினைகளின் பெயரையோ புராண அசுரர்களின் பெயரையோ தாங்கிய பாம்புகள் படமெங்கும் நெளிய, அவற்றுள் மிக நீண்டதன் வாய் பெரும்பாலும் வைகுண்டத்துக்குச் சில கட்டங்கள் கீழேயே திறந்திருக்கும். கரை சேரும் தறுவாயில் அடிவரிசைக்கு விழுவதுதான் குழந்தைகளின் நினைவில் வாழ்நாள் முழுதும் நிற்கும் பகுதி என்பதை ஆடியவர்கள் அறிவர். அந்தப் பாம்பின் வாயைத் தாண்டிவிட்டால் பின்னர் வீழ்ச்சி இல்லை என்ற அமைப்பில்தான் படம் நூலின் கருத்தோடு மீண்டும் ஒத்துப்போகிறது. கீழே அஞ்சத்தக்கதாய் நெளியும் அரவம், பல படங்களின் உச்சியில் திருமாலின் படுக்கையாகச் சுருண்டு குடைபிடிப்பதையும் காணலாம். அரவணையில் பள்ளிகொண்ட அரங்கனின் ஊரில் பாம்பை வெறும் தீமையின் சின்னமாக விட்டுவிட ஓவியருக்கு மனம் வந்திருக்காது.

ஆட்டக் கருவியான தாயக்கட்டை பித்தளையில் வார்த்த நீண்ட நான்முகக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் பக்கங்களிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும், ஒரு பக்கம் வெறுமையும் இருக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று வெறுமையாகவும் மற்றது ஒற்றைப் புள்ளியாகவும் விழுந்தால் தாயம், அதாவது ஒன்று. தாயம் விழுந்தால்தான் காயை ஆட்டத்தில் இறக்கலாம். கட்டைகள் விழக்கூடிய பதினாறு விதங்களில் தாயத்துக்குரியவை இரண்டே; அதாவது எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்பது சராசரிக் கணக்கு. எனவே மூன்று வயதுக் குழந்தை முதல் உருட்டலிலேயே உள்ளே போவதும், வீட்டுப் பெரியவர் அரைமணி நேரம் தாயம் விழாமல் வெளியே காத்திருப்பதும் சாதாரணம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டும் உரிமை உண்டு என்பதால் அதிர்ஷ்டம் ஒருவர் பக்கமே குவிவதும் உண்டு.

திறமைக்கு இதில் இடமே இல்லை. தாயம் என்றே பெயர்பெற்ற மற்றோர் ஆட்டத்திலாவது எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்ற தேர்வு இருக்கிறது. பரமபதத்தில் அதுவும் இல்லை. விளையாட்டு நிபுணர் இதைக் குறையாகக் காணலாம். ஆனால் இறைவன் திருவருளே உயிரைக் கரைசேர்க்கும் என்ற சரணாகதிக் கொள்கை வேரூன்றிய ஊரில், ஆடுபவனின் சாமர்த்தியம் செல்லாத ஆட்டம் பொருந்தி நின்றது தற்செயல் அன்று என்று கருத இடமிருக்கிறது. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கின் நெறியா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையின் நெறியா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்துள்ளனர். கீழ்வரிசையில் கிடந்த காய் தான் ஒன்றும் செய்யாமலே நீண்ட ஏணியில் மேலேறும்போது ஆட்டம் பூனையின் பக்கமே சாய்கிறது என்று சொல்லலாம். எவ்வாறாயினும், திறமை செல்லாத காரணத்தால்தான் மழலைகள் இதில் பெரியவர்களுக்கு நிகராக அமர முடிந்தது.

இவ்வாட்டம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. ஆந்திரத்தில் வைகுண்டபாளி என்றும், வடஇந்தியாவில் ஞான சௌபர் என்றும் வழங்கும் படங்கள் ஒரே குடும்பத்தவை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு 1985 முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, சமணப் படங்கள் பெரும்பாலும் 84 கட்டங்களும், வடநாட்டு வைணவப் படங்கள் 72 கட்டங்களும் கொண்டவை. சூஃபி மரபினர் நூறு கட்டங்களில் ஆன்மா இறைவனை நோக்கிச் செல்லும் வழியைத் தீட்டிக்கொண்டனர். எஞ்சியுள்ள படங்கள் 18-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டே கிடைக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் ஞானேசுவரர் இதனை உருவாக்கினார் என்று பலரும் எழுதிவருவதற்கு அக்காலத்துச் சான்று காட்டப்படவில்லை.

ஐரோப்பாவிலும் இத்தகைய முயற்சி தனியே நடந்துகொண்டிருந்தது. 1800-இல் இங்கிலாந்தில் வெளியான மகிழ்ச்சி மாளிகை என்ற பொருள்படும் பலகை ஆட்டம், நற்பண்புக் கட்டத்தில் நின்றவரை முன்னேற்றியும் தீய பண்பில் விழுந்தவரைப் பின்தள்ளியும் கிறித்தவ ஒழுக்கம் கற்பித்தது. 1843-இல் அமெரிக்காவின் சேலம் நகரிலும் அது அச்சானது. இந்தியப் படம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று பாம்பும் ஏணியும் ஆனபோது, வைகுண்டம் மறைந்து நூறாம் எண் வந்தது. இந்தியப் படங்களில் பாம்புகள் மிகுந்தும் ஏணிகள் குறைந்தும் இருப்பது பொதுவழக்கு. இங்கிலாந்தில் அவை ஏறத்தாழச் சமமாக்கப்பட்டன. 1943-இல் அமெரிக்க நிறுவனமான மில்டன் பிராட்லி பாம்புகளையும் நீக்கிச் சறுக்குமரங்களை வைத்தது.

திருவரங்கத்து அக்ரகாரங்களுக்கு வெளியே நிலைமை வேறு. திண்டுக்கல் சாலையில் மணப்பாறையைத் தாண்டி வரும் வையம்பட்டி, காவிரிப் பாசனம் எட்டாத மானாவாரி மேட்டுநிலம். இத்தகைய ஊர்களில் ஆட்டம் என்றால் முதலில் தாயம்தான். அதற்குப் படம் வேண்டியதில்லை. கரித்துண்டோ சுண்ணாம்போ கொண்டு திண்ணையில் கட்டம் வரைந்து, வெட்டுப்படாத கட்டங்களில் பெருக்கல் குறியிட்டு அவற்றுக்கு மலை என்று பெயர் வைத்தால் போதும். பித்தளைக் கட்டைக்குப் பதில் புளியங்கொட்டை. நன்கு காய்ந்த கொட்டையைச் சொரசொரப்பான கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்துக் கறுத்த தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரியும்படி செய்து, சிலவற்றைக் கையில் குலுக்கி எறிந்து, மேலே விழுந்த வெள்ளைகளை எண்ணுவார்கள். ஒன்றே வெள்ளை என்றால் தாயம். தேய்த்த சூட்டோடு கொட்டையைப் பக்கத்தில் இருப்பவரின் கையில் வைத்து அலறவிடுவதும் இந்தத் தயாரிப்பின் ஓர் அங்கமாகவே இருந்துவந்தது. பரமபதத்தை இவ்வாறு தரையில் வரைய இயலாது. பாம்பும் ஏணியும் தெய்வ உருவமும் தீட்ட ஓவியர் வேண்டும், அல்லது அச்சுக்கூடம் வேண்டும். ஆகவே வண்ண அச்சு மலிந்து, ஏகாதசிக்கும் திருவிழாக்களுக்கும் வந்துபோவோர் கோயில் கடைகளில் காகிதப் படத்தைச் சுருட்டி வாங்கிச் செல்ல முடிந்த காலத்திலேயே அது சிற்றூர்களுக்குப் பரவியிருக்க வேண்டும்.

அச்சு மலிந்ததன் மற்றொரு விளைவு, எவரும் திட்டமிடாத ஒரு சீட்டு விளையாட்டு. சிவகாசித் தீப்பெட்டிகளின் மேல் ஒட்டிய வண்ணப் படங்களில் தெய்வங்களும் விலங்குகளும் பூக்களும் இருந்தன. காலிப் பெட்டியின் முகப்பைக் கிழித்துச் சேர்த்த சிறுவர்கள், ஒவ்வொருவராய் ஒரு படத்தைக் கீழே வைத்துக்கொண்டே வர, முன்பு விழுந்த படத்தோடு ஒத்த படம் போட்டவர் குவியல் முழுவதையும் அள்ளிக்கொள்ளும் ஆட்டம் தமிழகச் சிற்றூர்களில் நெடுநாள் நடந்தது. எழுத்தறிவு தேவைப்படாமல், ஒத்ததைக் கண்டுபிடிக்கும் கண் ஒன்றையே நம்பிய இந்த ஆட்டத்தில் முருகன் படமும் புலிப் படமும் ஒரே மதிப்புடையவை.

சீட்டு என்ற சொல்லுக்கே தமிழ் வீடுகளில் நற்பெயர் இல்லை. சூதாட்டத்தின் நிழல் அதன் மேல் விழுந்திருந்ததால் சமயக் கல்விக்குச் சீட்டைப் பயன்படுத்தும் எண்ணம் திருவரங்கத்தில் தோன்றாமற்போனதில் வியப்பில்லை. ஆயினும் இந்தியாவின் பிற பகுதிகளில் அது தோன்றியது. முகலாயரோடு வந்த கஞ்சிபா என்னும் சீட்டு, பாபர் தம் நினைவுக்குறிப்பில் 1527-இல் சிந்து நாட்டுக்கு அனுப்பியதாக எழுதும் ஆட்டம். அக்பர் காலத்தில் பன்னிரண்டு வகையில் பன்னிரண்டாக 144 சீட்டுகள் இருந்ததை அபுல் பசல் பதிவுசெய்தார். இந்துக்களின் கையில் அது தசாவதார கஞ்சிபாவாக மாறியபோது, வகைகள் பத்து அவதாரங்களாகி, வகைக்கு ஓர் அரசன், ஓர் அமைச்சன், பத்து எண் சீட்டு என மொத்தம் 120 ஆயின. வங்காளத்து விஷ்ணுபூர், ஒடிசாவின் ரகுராஜ்பூர், மகாராட்டிரத்தின் சாவந்தவாடி ஆகிய இடங்களில் வட்டவடிவில் கையால் தீட்டப்பட்ட இச்சீட்டுகளில் மீன் மச்சத்துக்கும், ஆமை கூர்மத்துக்கும், கோடரி பரசுராமனுக்கும் அடையாளம். பொதுவாகப் பகலில் ஆடினால் இராமன் வகையின் அரசனை வைத்திருப்பவரும் இரவில் ஆடினால் கிருஷ்ணன் வகையின் அரசனை வைத்திருப்பவரும் தொடங்குவர்.

இதன் உச்சத்தைத் திருவரங்கத்துக்கு அண்மை நாடான மைசூரில் காணலாம். 1794 முதல் 1868 வரை வாழ்ந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், தம் பெயரால் வெளிவந்த ஸ்ரீதத்துவநிதியின் கௌதுகநிதிப் பகுதியில் சாமுண்டேசுவரி பெயரால் 320 சீட்டுகள் கொண்ட ஆட்டம் உட்படப் பல சீட்டாட்டங்களை வகுத்தார். அத்தனை சீட்டையும் நினைவில் வைக்க அரண்மனைவாசிகளுக்கே ஓய்வு இருந்திருக்கும். மழலைகளுக்கு அதில் வேலை இல்லை. சில வகைகளில் எண்களின் மதிப்பு தலைகீழாக மாறுவதால் தசாவதார ஆட்டமும் வளர்ந்தவர்களுக்குரியதே. ஆனால் மீனைக் கண்டால் மச்சம், கோடரியைக் கண்டால் பரசுராமன் என்று சின்னத்தையும் தெய்வத்தையும் சேர்த்துவைத்த முறை, பின்னாளில் குழந்தைகளின் அட்டைக்கு அப்படியே பயன்பட்டது.

திருச்சி வட்டாரத்துக் கிறித்தவ வீடுகளில் வேறொரு அட்டை வழக்கம் நிலவுகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையின்போது விவிலிய வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைப் பெரியவரும் குழந்தையும் ஆளுக்கொன்றாக எடுத்து, அதனை வரும் ஆண்டுக்கான இறைவாக்காகப் பேணுவர். செருமனியின் பக்திநெறி இயக்கத்தில் இதற்கு உறவுகள் உண்டு: ஹெர்ன்ஹுட் ஊரின் மொராவியத் திருச்சபையார் 1728-இல் நாளுக்கொரு வசனம் வழங்கத் தொடங்கி, 1731 முதல் அதை அச்சிட்டனர்; அவ்வியக்கத்தைச் சேர்ந்த போகாட்ஸ்கியின் 1718-ஆம் ஆண்டு வசனத் தொகுப்பு பெட்டியிலிட்ட அட்டைகளாகவும் வழங்கியது. அந்த இயக்கத்தின் மையமான ஹாலேயில் பயின்ற மறைப்பணியாளர் சுவார்ட்சுதான் 1766-இல் திருச்சிக் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பியவர். கண்ணை மூடி அட்டை எடுப்பதும் தாயக்கட்டை உருட்டுவதும் ஒன்றல்ல. ஆனால் கிடைப்பதைக் குழந்தை தேர்ந்தெடுப்பதில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

தற்கால மழலையர் அட்டைக்கு நேரான வழி வேறு திசையிலிருந்து வந்தது. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939-இல் அடையாறு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப்போரால் 1946 வரை இந்தியாவில் தங்கிப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். படம் தனியாக, பெயர் தனியாக, இரண்டும் சேர்ந்தது தனியாக என மூன்று அட்டைகளைக் குழந்தை தானே பொருத்திச் சரிபார்த்துக்கொள்ளும் முறை அவர் வழிவந்த பள்ளிகளால் பரவியது. சமயக் கல்வியிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. அவர் மரபைத் தழுவி 1954-இல் ரோமில் சோபியா கவல்லெத்தி தொடங்கிய மறைக்கல்வி முறை மூன்று வயது முதற்கொண்டே பொருள்களைக் கையாண்டு விவிலியம் கற்பிப்பது. கவிழ்த்துவைத்த அட்டைகளில் சோடியை நினைவால் கண்டெடுக்கும் ஆட்டமோ 1959-இல் செருமானிய ரேவன்ஸ்பர்கர் நிறுவனத்தால் உலகெங்கும் பெயர்பெற்றது. இரட்டைச் சிப்பிகளின் மறுபாதியைத் தேடும் சப்பானியரின் பழைய ஆட்டம் அதற்கும் மூத்தது.

மூன்றட்டைப் பொருத்தம், நினைவாட்டம் ஆகிய இரு வடிவங்களில்தான் இன்று விநாயகரும் மூஞ்சூறும், முருகனும் மயிலும், திருமாலும் கருடனும் குழந்தைகளின் கைக்கு வருகின்றனர். பரமபதத்தோடு ஒப்பிட்டால் இவற்றில் பெற்றதும் இழந்ததும் தெளிவு. நினைவாட்டத்தில் குழந்தை பெரியவரைப் பலமுறை வெல்கிறது, அதுவும் அதிர்ஷ்டத்தால் அன்று, தன் கவனத்தால். தெய்வத்தையும் ஊர்தியையும் பிழையின்றிச் சொல்லவும் கற்கிறது. ஆனால் அட்டைகளில் வழி இல்லை. எங்கிருந்தும் எங்கும் போவதில்லை, எவரும் விழுவதில்லை. அடையாளம் கற்பதே அவற்றின் எல்லை. ஏறுவதும் விழுவதும் மீண்டும் தாயத்துக்குக் காத்திருப்பதுமாகிய அனுபவத்தைத் தருவது பழைய படம் மட்டுமே என்பதால், ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பும் என்று வணிகர்கள் சொல்வதை அப்படியே ஏற்பதற்கில்லை.

பொதுச்சந்தைக்கென அச்சாகும் அட்டைகளில் ஊர்மரபு தப்பிப்போவதும் உண்டு. கொள்ளிடக் கரையில், திருமங்கையாழ்வாரோடு தொடர்புபடுத்தப்படும் திருவரங்கம் தசாவதார சந்நிதியில் பத்து அவதாரங்களும் வரிசையாக எழுந்தருளியிருக்கின்றன. தென்னாட்டு வைணவ மரபில் அந்தப் பத்தில் பலராமர் உண்டு, புத்தர் இல்லை. வடக்கு, கிழக்குப் பகுதிகளின் கஞ்சிபா மரபுகளில் ஒன்பதாம் வகை புத்தருக்கோ ஜகந்நாதருக்கோ உரியது. அப்பட்டியலையே பின்பற்றி அச்சிட்ட தசாவதார அட்டைப் பெட்டியை வாங்கும் திருவரங்கத்துக் குழந்தை, சந்நிதியில் கண்ட கலப்பை ஏந்திய உருவத்துக்குச் சோடி தேடினால் அது அட்டைகளில் கிடைக்காமற்போகலாம்.